இடம் என்ற கட்டம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாட்டுப்பட்டிக்கு மேலே பாறையிடுக்கில் கண்ட காசித்தும்பையை இன்று விவரித்து முடித்தேன். தண்டில் மயிர் இல்லை. இதழ் வெளிர் ஊதா. பூவின் பின்னால் நீளும் வால் கொக்கிபோல் வளைகிறது. இந்த மலையில் வேறெந்தக் காசித்தும்பையிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. செடியோடு ஒட்ட வேண்டிய விவரச் சீட்டில் இடம் என்ற கட்டம் மட்டும் காலி.

"இடம் இல்லேன்னா அது வெறும் காய்ஞ்ச பூ," என்று ஆராய்ச்சி வழிகாட்டி போனில் சொன்னார்.

எழுதினால் அவரோடு வனத்துறையும் வரும். பாறைக்குப் பின்னால், வனத்துறைக்குச் சொந்தமான காட்டு நிலத்தில்தான் அப்பா பீன்ஸ் போடுகிறார். எஸ்டேட் கூலி போதாமல் நான் படித்தது அந்த பீன்ஸில். வனத்துறை வரும் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பூவை எனக்குக் காட்டியதே அவர்தான். சாப்பிட்டுவிட்டு வந்து, பழைய பேப்பருக்குள் அழுத்தி வைத்திருந்த செடியைக் குனிந்து பார்த்தார்.

"மொதல்ல பாத்தவுக பேரும் போடுவாகளா தாயி?"

"போடுவாங்கப்பா."

"அப்ப எடத்தைச் சரியா எழுது. நாளைக்கி யாரும் பொய்யின்னு சொல்லிறக் கூடாது."

பேனாவையும் அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். அந்தப் பேனாவில்தான் இந்த நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன்; கட்டம் இன்னும் காலி.