கருமருந்து நிறம்

12.8.2004, வியாழன்

கதைப் போட்டியில் சுபாவுக்கு முதல் பரிசு. எனக்கு ஒன்றுமில்லை.

தமிழ் டீச்சர் அவள் கதையை வகுப்பில் வாசித்தார்கள். காட்டில் வழி தவறிய தமிழ்ச் சிறுமியை ஓர் ஆப்பிரிக்கன் கடத்திப் போகிறான். "கருமருந்து நிறத்தில் நின்றான்" என்ற வரி வந்ததும் நிறுத்தி, "நம்ம பட்டாசு ஊர் உவமை, எம்புட்டு அழகா வந்திருக்கு!" என்றார்கள். உடனே பின்பெஞ்சு ராணி, "ஏ செல்வி, ஒன்னத்தான் எழுதிருக்கா!" என்றாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

மணியடித்ததும் சுபா வந்து, "கோவிச்சுக்காதடி, அது நீ இல்ல, ஆப்பிரிக்காக்காரன்" என்றாள். ஆப்பிரிக்காக்காரன் சுபாவுக்கு என்ன கெடுதல் செய்தான்? அவள் ஓர் ஆப்பிரிக்கரைக்கூடப் பார்த்ததில்லை. நானும்தான்.

ஆனால் என்னை உறுத்துவது அந்தச் சிரிப்பு இல்லை. அம்மா தினமும் பட்டாசு கம்பெனியிலிருந்து கருமருந்து படிந்த கையோடுதான் வருகிறாள். சுபா அதைத் தொட்டதுகூட இல்லை. அந்த உவமை எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

தோன்றியிருந்தால் நானும் எழுதியிருப்பேன். என் கதையில் வரும் திருடனும் கறுப்புதான். "கரிச்சட்டி நிறம்" என்று எழுதியிருந்தேன். எழுதும்போது அது என் நிறம் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை.