தேதி கேட்டால் தேன்கூடு

9 மார்ச் 2025, ஞாயிறு

காலையில் ரூபன் போன் செய்தார். அமெரிக்காவில் யூட்டாவுக்கு வேலைக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. "எப்பங்க வர்றீங்க?" என்று கேட்டேன். "வாசுகி, இந்த ஸ்டேட்டோட சின்னம் தெரியுமா? தேன்கூடு!" என்கிறார். கம்பெனி இவரை மெஷின் பார்க்க அனுப்பியதா, பொது அறிவுப் போட்டிக்கு அனுப்பியதா?

அந்த ஸ்டேட்டின் குறிக்கோள் வாசகம் 'உழைப்பு' என்பதாம். அதை மலேசியாவில், மாசாயில் இருக்கிற எனக்குச் சொல்ல வேண்டுமா? பேக்டரிக்குப் போய் வந்து, பக்கவாதத்தில் கிடக்கிற இவருடைய அப்பாவுக்கு உடம்பு துடைத்து, சோறு ஊட்டி — போதும்.

16 மார்ச், ஞாயிறு

இன்றைக்குப் பூ. சீகோ லில்லி. பஞ்சத்தில் அதன் கிழங்கைத் தோண்டித் தின்றார்களாம். "ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சத்துல நம்மாளுங்க தின்ன மரவள்ளி மாதிரின்னு சொல்லு" என்று மாமா படுத்தபடியே சொன்னார். ஸ்பீக்கரில் அப்பாவும் பிள்ளையும் ஒரே சிரிப்பு. தேதி இன்றைக்கும் இல்லை.

2 ஏப்ரல், புதன்

ஓவர்டைம். முதுகு வலி. எழுத ஒன்றுமில்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

பறவை, கடற்காகமாம். எனக்குப் பொறுக்கவில்லை.

"கடலே இல்லாத ஊருக்கு அது எதுக்குங்க? பறவையும் வேணாம், பூவும் வேணாம். தேதி சொல்லுங்க!"

அப்போதுதான் சொன்னார். காண்ட்ராக்டை இன்னும் மூன்று வருடம் நீட்டிவிட்டார்களாம். ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டாராம்.

"சொல்ல வாய் வரல, வாசுகி. நீ இங்க வந்துடு. விசா கம்பெனி பார்த்துக்கும்."

"மாமா?"

"அக்கா பார்த்துக்குவாங்க."

அதற்குத்தான் இத்தனை பூவும் பறவையும். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டேன். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

7 ஏப்ரல், திங்கள்

ரொட்டியை மைலோவில் நனைத்து ஊட்டும்போது மாமாவே ஆரம்பித்தார். "போம்மா. புருஷன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், இது என்ன வாழ்க்கை லா."

அழுதேன். பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும்தான் இருந்தது — இதில் போய் எதற்குப் பொய்? அவ்வளவு களைத்துப்போயிருக்கிறேன்.

25 மே, ஞாயிறு

விசா கிடைத்தது. மாமாவுக்கு நான்தான் முதலில் சொன்னேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு ரேடியோ போடச் சொன்னார்.

29 ஜூன், ஞாயிறு

இன்று மாமாவைக் கோத்தா திங்கியில் இவருடைய அக்கா கஸ்தூரி அண்ணி வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். மருந்துப் பை, கைலிகள், ரேடியோ. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். எந்த மாத்திரை எப்போது என்று அண்ணியிடம் சொல்லி முடித்தேன். புறப்படும்போது மாமா நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பம்மா வருவே?"



"மாமா, அந்த ஊர்ல ஒரு ஏரி இருக்காம். தண்ணியில அவ்ளோ உப்பாம். யாரு எறங்குனாலும் முங்க மாட்டாங்களாம், அப்படியே மிதப்பாங்களாம்" என்றேன்.

மாமா என்னையே பார்த்தார். பிறகு கையை விட்டார்.

"அப்படியா" என்றார்.