அப்பாவின் குடையும் சின்னவளின் வாளியும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதே.

முதலில் நல்ல செய்தி, சின்னவளுக்கு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. உடனே நீ அப்பா வாயைத் திறந்துவிட்டார் என்று நினைப்பாய், அதனால்தான் போனில் சொல்லாமல் எழுத உட்கார்ந்தேன். "அப்பா அங்கதானே வேலை பாக்குறாரு, முதல்வர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சிடும்" என்று நீ கேட்டாய், உன் அத்தையும் அதே பாட்டைப் பாடினாள். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சின்னவளோ, "சிபாரிசுல கெடைச்சா நான் போகவே மாட்டேன், காலம்பூரா ஸ்டோர்காரர் பொண்ணுன்னுதான் சொல்வாங்க" என்று ஒரே போடாகப் போட்டாள். எனக்குத்தான் உள்ளூர உதறல், இடம் கிடைக்காமல் போனால் இந்தப் பெண் உடைந்துபோவாளே என்று.

நுழைவுத் தேர்வில் மேசைமேல் நாலைந்து பொருள்களை வைத்து வரையச் சொல்வார்கள் இல்லையா, கல்லூரி ஸ்டோரிலிருந்து ஜாடி, துணி, பழைய செருப்பு என்று பொறுக்கி அடுக்குவது வருஷா வருஷம் உன் அப்பாதான். இந்த முறை மகள் எழுதுகிறாள் என்று தாமே முதல்வரிடம் சொல்லி லீவு போட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டிலும் அவர் அட்டகாசம் தாங்கவில்லை, நான் மேசையில் ஒரு டம்ளரை வைத்தால்கூட எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார், அவள் அதைத் தேர்வுக்கான துப்பு என்று எடுத்துக்கொள்வாளாம்.

அவருக்குப் பதில் எலக்ட்ரீஷியனை அடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மனிதர் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார், ஸ்டோர் கதவுக்குப் பின்னால் அப்பா மறந்து மாட்டிவிட்டு வந்த குடை உட்பட. அதே கம்பி வளைந்த கறுப்புக் குடைதான், பிடியில் நீ சிவப்பு ஒயர் சுற்றிக் கொடுத்தாயே. சின்னவள் பென்சில் பிடித்த நாளிலிருந்து வரைவது அதைத்தான், கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவாள். தேர்வறையில் போய் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிரே நம் வீட்டுக் குடை. நானாயிருந்தால் வாயை மூடிக்கொண்டு வரைந்திருப்பேன், ஒளிப்பானேன். இவள் மணி அடிப்பதற்குள் எழுந்து நின்று, "மேடம், அது எங்க அப்பா குடை, நான் நூறு தடவ வரைஞ்சிருக்கேன், மத்தவங்க இன்னைக்குத்தான் பாக்குறாங்க, மாத்திடுங்க" என்றாளாம். அறையே சிரித்ததாம். மேற்பார்வைக்கு நின்ற அந்த அம்மா குடையை எடுத்துவிட்டு, அவசரத்துக்குத் தரை துடைக்கும் வாளியைக் கொண்டுவந்து வைத்தார்களாம், விளிம்பில் ஈரத் துணி தொங்கத் தொங்க.

வீட்டுக்கு வந்து, "வாளி கோணிப்போச்சும்மா" என்று குப்புறப் படுத்து அழுதாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவள்மேல் எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது, எது அதிகம் என்று கேட்காதே. கடைசியில் தேறியவர்களில் கடைசிக்கு முந்தி இவள். "தொத்திக்கிட்டு ஏறினாலும் என் கால்லதாம்மா ஏறினேன்" என்கிறாள்.

சேருகிற அன்று வரிசையில் யாரோ, "உள்ளயே ஆள் இருந்தா சும்மாவா" என்று முணுமுணுத்தாராம். இவள் வாயைத் திறக்குமுன், கூடத் தேர்வு எழுதிய ஒரு பெண் திரும்பி, "உள்ள இருந்த குடையவே வெளிய அனுப்பினவ இவ" என்று சொல்லிவிட்டாளாம். இப்போது வகுப்பில் எல்லோரும் இவளை வாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஸ்டோருக்கு வண்ணம் வாங்க வருகிற பிள்ளைகள் உன் அப்பாவைப் பார்த்து, "நீங்க வாளியோட அப்பாவா" என்று கேட்கிறார்களாம். இத்தனை வருஷம் அங்கே உழைத்தவர், அதை என்னிடம் இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டார்.

நீ நீண்ட ஆயுளோடு இரு, நிம்மதியாகத் தூங்கி எழு. அத்தைக்கு மறக்காமல் போன் செய், குடைக் கதையை நீயே சொல், நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

இப்படிக்கு,
உனக்கும் வாளிக்கும் அம்மா