தெறித்து விழுந்த வெள்ளைப் புள்ளி

1911 ஓகஸ்ட், வியாழன் இரவு.

தாராபுரத்துப் பாத்தும்மா இன்று சிரித்துக்கொண்டு வந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளை தோளில் துவண்டு கிடந்தது. அதன் கழுத்தில், கெட்ட கண் பட்ட கண்ணூறு கழியவென்று வெள்ளைப் புள்ளிகள் வைத்து நான் உருக்கிக் கொடுத்த நீலக் கண்ணாடி மணி.

"அக்கா, வெள்ளைப் புள்ளி ஒண்டு தெறிச்சு விழுந்திட்டுது. கண்ணூறு கழிஞ்சு போச்சு. இனி ஆஸ்பத்திரி வேண்டாம்."

"அடியே, நீலம் போத்தல் கண்ணாடி, வெள்ளை விளக்குக் கண்ணாடி. ரெண்டும் ஒண்டோட ஒண்டு ஒட்டி நிக்காது. அதுதான் விழுந்தது. பிள்ளையைக் கொண்டு போ."

"உங்கட கைராசியை நீங்களே குறைச்சுச் சொல்லாதேங்கோ."

பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவள் போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. விளக்கை ஏற்றி இன்னொரு மணி உருக்கினேன். இம்முறை மணிக்கும் புள்ளிக்கும் ஒரே வகை வளையல் கண்ணாடி. இந்தப் புள்ளி விழாது. விடியக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, புள்ளி விழவில்லை, கண்ணூறு இன்னும் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று பொய் சொல்லுவேன். உண்மையைத்தான் அவள் நம்பவில்லையே.

ஆனால் மணி சாம்பலுக்குள் மெதுவாய் ஆறவேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் வெடித்துவிடும். இப்போதுதான் விரலை விட்டுப் பார்த்தேன். இன்னும் சுடுகிறது. அந்த நெற்றியும் இப்படித்தான் சுட்டது.