ஒத்திகையில் சொல்லாத வரி

அன்புள்ள ரூபர்ட்டுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படியில் நிதானமாக ஏறு. ஸ்கார்பரோவில் நான் நலம்.

நாடகத்தின் கடைசி வரியை அரங்கேற்றத்துக்கு முன் ஒத்திகையில்கூட வாய்விட்டுச் சொன்னால் ஆகாது என்பது இந்த நாடகக் குழுவினரின் நம்பிக்கை. எனக்கு அதெல்லாம் கிடையாது, உனக்குத் தெரியும். இந்தப் பழைய குடும்ப நகைச்சுவையில் கணவனாக நடிக்கும் முதியவர் பார்ஜெட்டரிடம், "இனிமே வசனம் மறந்தா வேற ஆள்தான்" என்று இயக்குநர் ஜோசலின் சொல்லியிருந்தாள். நேற்று அரங்கேற்றம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னவர், சொல்லியே பார்க்காத அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டார். பக்கத்திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்க உட்கார்ந்திருந்த நான் மெல்லச் சொன்னேன்: "டீ ஆறிப்போச்சு, வேற போடட்டுமா?" அதை அவர் அவ்வளவு கனிவாக மேடை மனைவியிடம் கேட்டார். அரங்கம் சிரித்தது, பிறகு நெடுநேரம் கைதட்டியது.

"அந்த மௌனம் இருக்கே, பிரமாதம்! தினமும் அப்படியே பண்ணுங்க" என்றாள் ஜோசலின்.

பார்ஜெட்டர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேட்டியா ஹில்டா? இனிமே நீயும் தினமும் சொல்லணும்."

அறை குளிர்கிறது, என் சாம்பல் நிற ஸ்வெட்டரை அனுப்பு. பழுப்பு டீ கெட்டிலையும் அனுப்பு. வீட்டில் நீ என்னிடம் கேட்கும் அதே வரியை இங்கே தினமும் இருட்டில் உட்கார்ந்து நான் வேறொருவருக்குச் சொல்கிறேன். தபால் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நீயே கொண்டுவாயேன்.

நாடகம் தொடங்க மணி அடித்துவிட்டார்கள், போகிறேன்.

ஹில்டா