பாறை உச்சியில் மஞ்சள் சட்டை

மார்ச் 4, செவ்வாய்

அத்தான் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். வீட்டில் அழுகை ஓய்ந்து புகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. அழுகையே தேவலை.

கடையில் ஒரு பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அக்கா மகன் வந்து வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றான். நகரத்தில் பாலம் கட்டுகிற எஞ்சினீயர். ஸ்டூலை ஊதிவிட்டுத்தான் உட்காருவான்.

"மாமா, பதினாறாம் தேதி அப்பாவுக்கு நினைவுக் கூட்டம் வச்சிருக்கோம். பாறை ஏறித் தண்ணி கொண்டுவந்த கதையை நீங்கதான் பேசணும். கூடவே இருந்தவர் நீங்கதானே."

கூடவே இருந்தவன். முப்பத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் எனக்கு அதுதான் உத்தியோகம். சாகசம் செய்ய ஒருவர், கூட நிற்க ஒருவன். சரி என்று தலையாட்டினேன். பேசுகிறேன். நான் பேசினால் தாங்குவார்களா என்பது வேறு விஷயம்.

இதை எழுதுவதற்குள் விரலெல்லாம் மை. இடது கைக்காரனுக்கு நாட்குறிப்பு ஒரு கேடா.

மார்ச் 5, புதன்

தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் மெலிந்திருக்கிறது. வீட்டில் ஒருவர் காதிலும் விழவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஒலிபெருக்கி வந்திருந்தார். விவசாயிகள் சங்கச் செயலாளருக்கு நான் வைத்த பெயர் அது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேடை போட்டுவிடுவார்.

"இப்படி ஒரு சாகச விவசாயி இனிமே பொறக்கப் போறதில்ல" என்றார். அத்தான் இருந்தபோது இதே வாய்தான் 'கிறுக்கன்' என்றது. சாவு எவ்வளவு சுலபமாகப் பட்டம் வாங்கிக் கொடுக்கிறது.

அந்தச் சாகசங்களை நான் சொல்கிறேன். இருபத்து மூன்று வயதில் சைக்கிளில் கிளம்பி ஏழு மாதம் சுற்றி, ஒரு மூட்டை ஆரஞ்சுக் கன்று கொண்டுவந்தார். நட்டு, வளர்த்து, நாலாம் வருடம் காய்த்தபோது பார்த்தால் எலுமிச்சை. "எலுமிச்சையைத் தேடித்தான் போனேன்" என்று அன்றைக்கே கதையை மாற்றிவிட்டார். அப்புறம் தகர டிரம்களைக் கட்டி ஒரு தெப்பம். அக்காவையும் இரண்டு குழந்தைகளையும் பத்துக் கூடை பழத்தையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு ஆற்று வழியாகப் போனார். பழம் ஆற்றோடு போயிற்று. பத்திரிகையில் படம் வந்தது. அந்த நாட்களில் தோட்டத்துக்கு யார் தண்ணீர் பாய்ச்சியது, யார் களை எடுத்தது? அதற்கெல்லாம் யாரும் படம் எடுப்பதில்லை.

நல்ல குடும்பஸ்தர் என்கிறார்கள். அதில்தான் எனக்கு வாய் அடைக்கிறது. மகளுக்குப் பன்னிரண்டு வயது வரை தினமும் காலையில் சடை பின்னிவிட்டவர் அவர்தான், அந்த வெடித்த விரல்களை வைத்துக்கொண்டு. முடி சிக்கும்போதெல்லாம் அவர்தான் "ஸ்ஸ்" என்பார், அவள் அல்ல. இதில் ஏதாவது குறை சொல்ல முடியுமா என்று தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை. கிடைக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

மேடையில் சொல்லப் போவதை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பண்ணைக்குப் பின்னால் செங்குத்தான பாறை. உச்சியில் ஓர் ஊற்று. அதைக் கண்டுபிடித்தவர் அத்தான். அங்கிருந்து நம் தொட்டி வரை குழாய் போட்டவரும் அவர். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழாய் போட்டால் போதாது. ஊற்றடியில் குழாய் வாய்க்கு வலை சுற்றிய வடிகட்டி ஒன்று இருக்கிறது. இலையும் சேறும் சேர்ந்து அதை அடைத்துவிடும். ஒன்று விட்டு ஒரு புதன்கிழமை யாராவது ஏறிப்போய் அதைக் கழுவ வேண்டும். கழுவியதும் முதலில் சேற்றுத் தண்ணீர்தான் இறங்கும். அதனால் மேலே இருப்பவர் விளிம்பில் நின்று சிவப்புத் துண்டை வீசுவார். கீழே தொட்டியடியில் நிற்கிறவர்கள் வால்வைத் திருப்பிச் சேற்றை வெளியே விடுவார்கள்.

வீடே வந்து நிற்கும். அண்ணாந்து பார்த்தால் விரல் உயரத்துக்கு ஒரு மஞ்சள் சட்டை, ஒரு பெரிய தொப்பி. "அப்பா, அப்பா" என்று கை காட்டுவார்கள்.

கடைசிப் பதினோரு வருடம் அந்தச் சட்டைக்குள் இருந்தது நான்.

அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு. பாதிப் பாறையில் ஒரு வேர் துருத்திக்கொண்டிருக்கும். அதைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். சாமான் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த நான் மேலே பார்த்தால், முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏறவும் முடியல, இறங்கவும் முடியல மாப்ளே."

அடி இல்லை, காயம் இல்லை. வெறும் பயம். மாவீரருக்குப் பயம். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நான்தான் இறக்கினேன். கீழே வந்ததும் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்." நான் போட்டுக்கொண்டு ஏறினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பனியனோடு ஜம்மென்று வீட்டிலிருந்து கிளம்புவார். பாறைக்குப் பின்னால் வந்ததும் அது என் உடம்புக்கு மாறும். முதலில் எனக்குத் தொளதொள என்று இருந்தது, போகப் போகச் சரியாகிவிட்டது. துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும்.

அவர் வேலை கயிறு பிடிப்பது. உச்சியில் வாலிபத்தில் அடித்து வைத்த இரும்பு வளையம் வழியாக ஒரு கயிறு, ஒரு முனை என் இடுப்பில், மறுமுனை அவர் கையில். நான் ஒரு தடவையும் விழவில்லை. ஆகவே அவர் பிடித்ததில் ஒரு பலனும் இல்லை. நடுவில் சும்மா இரண்டு முறை இழுப்பார். நான் பதிலுக்கு ஒரு முறை இழுக்க வேண்டும், இருக்கிறேன் என்று. கையில் சேறும் வாயில் வலை கட்டும் கம்பியுமாக நிற்கும்போது இது வேறு.

சாயங்காலம் சாப்பிடும்போது, "இன்னிக்கு மேல காத்து ஜாஸ்தி" என்று பிள்ளைகளிடம் அளப்பார். எதிரில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மார்ச் 12, புதன்

தண்ணீர் நூலாகிவிட்டது. எலுமிச்சை பிஞ்சு விட்டிருக்கிற நேரம். இன்னும் பத்து நாள் போனால் அத்தனையும் கொட்டிவிடும்.

அக்கா மகள் வந்து கேட்டாள். அவள்தான் இனிமேல் பண்ணையைப் பார்க்கப் போகிறவள். "வடிகட்டி அடைச்சிருக்குமோ மாமா?"

"இருக்கும்" என்றேன்.

"கூட்டம் முடியட்டும், நான் ஏறுறேன்" என்றான் எஞ்சினீயர். "அப்பா ரத்தம்தானே ஓடுது."

ஓடட்டும். தண்ணீர் நிற்கட்டும். அப்போதுதான் மேடையில் நான் சொல்வது உறைக்கும்.

மார்ச் 15, சனி

பேச்சை ஒரு தாளில் எழுதி, கடையில் மோட்டார்களுக்கு முன்னால் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. நன்றாகத்தான் வந்திருக்கிறது.

சாயங்காலம் அக்கா டீ கொண்டுவந்தாள். தாளைப் பார்த்தாள், கையில் எடுக்கவில்லை. "உனக்கு எது தோணுதோ அதைச் சொல்லுடா. யாருக்காகவும் முழுங்க வேணாம்" என்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எதைச் சொல்கிறாள்?

மார்ச் 16, ஞாயிறு

பள்ளிக்கூட ஹால். ஒலிபெருக்கி ஒலிபெருக்கியில் நாற்பது நிமிடம். அதில் அத்தான் பற்றிப் பத்து, தன்னைப் பற்றி முப்பது.

பிறகு எஞ்சினீயர் திரையில் படம் போட்டான். சைக்கிள், தெப்பம், கடைசியாகப் பாறை உச்சி. போன வருடம் எடுத்ததாம். மஞ்சள் சட்டை, தொப்பி, கையில் சிவப்புத் துண்டு. ஆறடி உயரத்துக்கு நான்! ஹாலே எழுந்து நின்று கை தட்டியது. பதினோரு வருட உழைப்புக்குக் கிடைத்த கைத்தட்டல், அதையும் வாங்கிக்கொண்டு போனவர் செத்தவர்.

என்னைக் கூப்பிட்டார்கள். தாள் சட்டைப் பையில். மைக்கைப் பிடித்தேன். முன் வரிசையில் மகள், தோளில் சடை, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"பாறை ஏறுறது பெரிய விஷயமில்ல. நாள் தவறாம வடிகட்டியைக் கழுவணும். அவ்வளவுதான்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அழுததால் என்று எழுதலாம். பொய். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. கோழை. அத்தானைச் சொல்லிவிட்டேன், நான் மட்டும் என்னவாம்?

மார்ச் 19, புதன்

எஞ்சினீயர் ஹெல்மெட், கையுறை, முள் வைத்த பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தான். சாமான் தூக்க நான். பாறை ஏறுவது பற்றி எனக்கு ஒரு பிரசங்கம் வேறு. பாதி வரை ஏறினான். அப்புறம் அசைவில்லை.

அதே வேர். அதே கட்டிப்பிடி.

"மாமா... என்னால முடியல."

பதினோரு வருடம் சேர்த்து வைத்த ஏளனமெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஏறிப்போய் அவன் பக்கத்தில் நின்றேன். முகத்தைப் பார்த்தேன். அப்படியே அப்பன் முகம்.

"உங்கப்பாவும் இதே இடத்துலதான் நின்னாரு" என்றேன்.

"எப்போ?"

"பதினோரு வருஷம் முன்னால. அப்புறம் அவர் ஏறவே இல்ல. காலை இந்தப் பக்கம் வை."

கால் வைத்தான். அவனை இறக்கிவிட்டு, வார்னிஷ் கறை படிந்த என் கடைச் சட்டையோடு நான் ஏறினேன். வடிகட்டி அடையாளம் தெரியாமல் அடைத்திருந்தது. கழுவ ஒரு மணி நேரம். இடுப்புக் கயிற்றின் மறுமுனை கீழே சும்மா கிடந்தது. நடுவில் இரண்டு முறை கையை நிறுத்தினேன். எதற்கு நிறுத்தினேன் என்று பிறகுதான் புரிந்தது. இழுப்பு வரும் என்று காத்திருக்கிறேன், மடையன்.

விளிம்புக்கு வந்து துண்டை வீசினேன். மஞ்சள் சட்டை இல்லை, தொப்பி இல்லை. கீழே மகள் கண்ணுக்கு மேல் கை வைத்துத் திகைத்து நின்றாள். அக்கா திகைக்கவில்லை. எப்போதும் போல் கை காட்டிவிட்டு வால்வைத் திருப்பினாள்.

மார்ச் 20, வியாழன்

தொட்டி நிரம்பி வழிகிறது. அக்கா தொட்டியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன்.

"அவரு வலது கையால வீசுவாரு" என்றாள். "நீ இடது."

"எப்போலேருந்து தெரியும்?"

"மொத நாளே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பதினோரு வருஷம் சொல்லணும்னு தோணலையா உனக்கு? எவனோ ஏறுறான், பேரு அவருக்குன்னு..."

"சட்டை உனக்குத் தொளதொளன்னு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சு வச்சேனே. அதுக்கப்புறம் அது அவருக்கு எப்படிடா நுழையும்?" பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "ஒவ்வொரு தடவையும் நான் யாருக்குக் கை காட்டுனேன்னு நெனச்ச?"

கடைக்கு வந்து உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

வடிகட்டி கழுவியாயிற்று. பிஞ்சு பாதி கொட்டிவிட்டது, பாதி நிற்கிறது. கொட்டிய பாதி என் கணக்கில்.

கயிற்றை மகள் பிடித்தாள். நடுவில் இரண்டு முறை இழுத்தாள். இறங்கி வந்து, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். சின்ன வயதில் அப்பா விளையாட்டாகச் சொல்லித் தந்ததாம். இரண்டு இழுத்தால் 'இருக்கியா' என்று அர்த்தமாம்.

தொட்டியடியில் அக்காவும், லீவு போட்டுவிட்டு வந்த எஞ்சினீயரும் கை காட்டினார்கள். சட்டை என்னுடையது.