கப்பி குட்டி போட்ட வாரம்

நவம்பர் 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தொட்டியில் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். கப்பி மீன்: பெண் மூன்று, ஆண் ஒன்று. மஞ்சள் வால்காரிக்கு வயிறு உப்பியிருக்கிறது, வால் பக்கம் கறுப்புப் புள்ளி. முட்டை இடும் சாதி இல்லை, நேரே குட்டிதான். இந்தக் கொடைக்கானல் குளிரில் இரண்டு முறை வாங்கி இரண்டு முறையும் செத்துப்போயின. இப்போது ஹீட்டர் இருக்கிறது. 26 டிகிரி. பார்ப்போம்.

மாலையில் கவிதாவின் அப்பா பழனியிலிருந்து வந்து இறங்கினார். சொல்லாமல் கொள்ளாமல். மகள் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால் எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பளி. "வாங்க மாமா" என்றேன். சுவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

தொட்டியைப் பார்த்து மகளிடம், "இது கொழம்புக்கு ஆகுமா?"

"அழகுக்கு வளக்குறதுப்பா."

"அழகுக்கா. சரித்தான்."

நவம்பர் 13, புதன்

பேக்கரியில் பன் ஆர்டர் அதிகம், இடுப்பு விட்டுப்போனது. வரும் வழியில் பாசிச்செடி வாங்கினேன். குட்டி ஒளிய இடம் வேண்டும், இல்லாவிட்டால் பெற்றவளே தின்றுவிடுவாள்.

மாமா கவிதாவிடம்: "பெத்ததையே திங்குமா? அவர்ட்ட கேட்டுச் சொல்லு." நான் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன். நான் கவிதாவிடம் சொல்ல, அவள் அவரிடம் சொன்னாள். அவள் முகத்தில் அடக்கிய சிரிப்பு.

நவம்பர் 15, வெள்ளி

மழை. பல்வலி கொஞ்சம். மஞ்சள் வால்காரி மூலையில் ஒதுங்கிவிட்டாள், தீனி தொடவில்லை. வயிறு சதுரமாகிவிட்டது. இன்றோ நாளையோ.

வேலை முடிந்து வந்தால், மாமா நாற்காலியைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஹீட்டர் பக்கம் கதகதப்பாக இருக்கிறதாம். சாக்கு.

"ஆம்பளை வெரட்டிக்கிட்டே கெடக்கு. மாசமா இருக்கறத நிம்மதியா விட வேணாமா? வேற எடத்துல போடச் சொல்லு."

நியாயம்தான். பாட்டிலில் ஓட்டை போட்டு, ஆணை அதில் விட்டு, தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டேன். மாமா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சத்தம் எனக்குப் புதிது.

நவம்பர் 16, சனி

ராத்திரி பேய்க்காற்று. வில்பட்டி ரோட்டில் மரம் சாய்ந்து கரண்ட் போச்சு. எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. விடியும்போது தொட்டி 21 டிகிரி, இறங்கிக்கொண்டே இருந்தது. வெந்நீர் பாட்டில் இறக்கிப் பார்த்தேன், போதவில்லை. மஞ்சள் வால்காரி அடியில் போய்ப் படுத்துவிட்டாள். மூன்றாவது முறையும் போச்சு என்று நினைத்தேன்.

மாமா எழுந்தார். என்னைப் பார்த்தே கேட்டார். "ஒங்க பேக்கரில வெறகு அடுப்புதானே?"

"ஆமா மாமா."

"அப்ப என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தூக்குங்க, வெரசா."

பாதித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டோம். மாமா கம்பளியைக் கழற்றித் தொட்டியைச் சுற்றினார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கவிதா நல்ல கையில் குடை, எங்களுக்கு இல்லை, தொட்டிக்கு. சறுக்கல் ரோடு. அவருக்குக் குளிரில் பல் தந்தியடித்தது.

"பாத்து மாப்ள, படி இருக்கு."

அந்தப் படியில்தான் கால் தவறப் பார்த்தேன்.

பேக்கரி முதலாளி பிலோமினா அக்கா ரஸ்க் தட்டுகளை ஒதுக்கி மேசை கொடுத்தார். "மீன மட்டும் அடுப்புல வச்சிராதீங்கய்யா." அடுப்பிலிருந்து தள்ளியே வைத்தோம். குடத்துத் தண்ணீர் சூடேறியதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.

மத்தியானம் மாமாதான் முதலில் பார்த்தார். "ஏத்தா, என்னமோ உருண்டு விழுது." சுருண்டு விழுந்தது, விரிந்தது, நேரே பாசிக்குள் ஓடியது. கண் மட்டும் தெரிகிற அளவு. அடுத்தது. அதற்கடுத்தது. பிரெட் வாங்க வந்தவர்கள் பிரெட்டை மறந்து நின்றார்கள். மாமா எண்ணியதில் பதினேழு, நான் எண்ணியதில் பத்தொன்பது. ரொம்ப நேரம் சண்டை போட்டோம். ஆறு வருஷத்தில் முதல் சண்டை. என்ன சுகம்.

நவம்பர் 17, ஞாயிறு

வெயில். கரண்ட் வந்துவிட்டது, தொட்டி வீட்டுக்கு வந்தாச்சு. அவித்த முட்டை மஞ்சள் கரு, ஊசி முனையளவு கரைத்து விட்டேன். எல்லாம் தின்கின்றன.

சட்டை மாட்டிக்கொண்டு தயங்கி நின்றேன். மாமா தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சர்ச்சுக்குத்தானே. ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் இதுகளப் பாத்துக்கறேன்."

திரும்பி வந்தபோது அத்தையிடம் போனில்: "அங்க ஒனக்கு என்ன சோலி? கடையப் பூட்டிட்டு நாளைக்கு வெள்ளனே பஸ் ஏறு. குட்டி பொறந்திருக்கு. அட, மீனுக்குடி. ஆமா, மாப்ள வீட்லதான். நான் சொல்றேன்ல, வா."

கவிதா கதவருகிலேயே நின்று கேட்டாள். பிறகு முகம் கழுவப் போனாள், வர நேரமானது.

நவம்பர் 18, திங்கள்

பேக்கரிக்கு லீவு சொல்லியாச்சு. இட்லி மாவு, கேரட், அத்தைக்கு ஒரு ஸ்வெட்டர். மாமா குளித்துவிட்டு இப்போதே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். கவிதா ஒற்றைக் கையால் வீட்டைப் பெருக்குகிறாள், பெருக்கின இடத்தையே மறுபடியும். விளக்குமாற்றைப் பிடுங்கப் போகிறேன்.